பெரியம்மாவுக்கு எந்த ரிமோட்?

கொக்குவிலில் பெரியம்மா தனியாக இருக்கிறார். வயது 78. இரண்டு கண்ணிலும் வெண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று, கைவிரல் மூட்டுகளில் வாதம். போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் போனபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். "ரீவி பழுதாப் போச்சுது தம்பி. மூண்டு நாளா நீலமாத்தான் கிடக்குது" என்றார்.

பழுது ஒன்றும் இல்லை. சத்தம் கூட்டப் போய், பக்கத்தில் இருந்த சோர்ஸ் பட்டனை, எந்த வயரில் இருந்து படம் எடுப்பது என்று மாற்றும் பட்டனை, அமத்திவிட்டார். எச்டிஎம்ஐயில் இருக்கவேண்டிய ரீவி ஏவிக்குப் போய் நின்றது. திருத்த எனக்கு ஐந்து விநாடி போதுமாக இருந்தது. அந்த ஐந்து விநாடி வேலைக்கு ஆளில்லாமல் மூன்று பின்னேரம் அவர் விறாந்தைக் கதிரையில் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். "ஏன் எனக்குப் போன் எடுக்கேல்லை?" என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் உன்னைக் கூப்பிடுறதே" என்றார்.

பெரியம்மாவுக்குச் செய்தி பொழுதுபோக்கு அல்ல. 1990களில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி வானொலிச் செய்தி கேட்ட வீடு அது. சுற்றுகிறவர் பெரியப்பா, காது வைத்துக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்கிறவர் பெரியம்மா. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அவருக்கு மூன்று நாள் செய்தி இல்லாமற் போனது எனக்கு மிகவும் மனவருத்தமாக இருந்தது.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம், பெரியம்மாவின் மகளிடம், இதைச் சொன்னேன். "எல்லாத்துக்கும் ஒண்டா ஒரு ரிமோட் வருகுதாமே, அதை வாங்கிக் குடு. அம்மான்ரை பிறந்தநாளும் வருகுது. காசு நான் போடுறன்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். வேலை சுலபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைக்குப் போய் நின்றபோதுதான் "எல்லாத்துக்கும் ஒண்டு" என்ற பெயரில் ஐந்தாறு வேறு வேறு சாமான்கள் இருப்பது தெரிந்தது. சிலதை வாங்கியும் சிலதை இரவல் எடுத்தும் எங்கள் வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் வைத்துப் பார்த்தேன். இங்கே அநேக வீடுகளில் இதே நிலைமைதான்: வயதான ஒருவர் அல்லது இருவர், பிள்ளைகள் வெளிநாட்டில், முக்காலியில் மூன்று ரிமோட். அதனால் கண்டதை விரிவாக எழுதுகிறேன்.

கடைக்குப் போகமுதல் செய்யவேண்டிய ஒன்று உண்டு. வீட்டில் என்ன இருக்கிறது, அந்த ஆள் எதைப் பாவிக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரியம்மா வீட்டில் ஒரு சாம்சுங் ரீவி, ஒரு டயலொக் சற்றலைற் ரீவி பெட்டி, படுக்கையறையில் ஒரு ஏசி. மூன்று ரிமோட்டும் பொலித்தீன் பையில் சுற்றி றப்பர் பாண்ட் போட்டபடி. ரீவி ரிமோட்டிலும் பெட்டி ரிமோட்டிலும் சேர்த்து எண்பதுக்கு மேற்பட்ட பட்டன்கள். அவர் உண்மையில் பாவிப்பவை எத்தனை? பக்கத்தில் இருந்து பார்த்தேன். ரீவியைப் போட, பெட்டியைப் போட, சத்தம் கூட்ட, குறைக்க, சனல் முன்னுக்கு, பின்னுக்கு. ஆறே ஆறு. மற்ற எல்லாம் அவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும் வழிகள் மட்டுமே. என் முழுத் தெரிவும் இந்த ஆறு என்ற எண்ணில் இருந்துதான் வந்தது.

காசே செலவழியாத இரண்டு வழிகளையும் முதலில் பார்த்துவிட வேண்டும். ஒன்று, எச்டிஎம்ஐ வயர் வழியாகவே ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளை கொடுக்கும் வசதி. இதன் பொதுப்பெயர் சிஇசி. சாம்சுங் இதை எனிநெற் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்லிங் என்றும், சொனி பிராவியா சிங் என்றும் மெனுவில் எழுதியிருக்கும். இது இரண்டு பக்கமும் இருந்தால், ரீவி ரிமோட்டாலேயே பெட்டியையும் இயக்கலாம். ஆனால் சற்றலைற் பெட்டிகள் பலவற்றில் இது இல்லை. பெரியம்மாவின் பெட்டியும் ரீவி சொன்னதைக் கேட்கவில்லை.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. பல பெட்டிகளின் ரிமோட்டில் ஒரு மூலையில் கோடு போட்டுப் பிரித்து, ரீவி என்று எழுதி, மூன்று நாலு பட்டன்கள் இருக்கும். அவை ரீவி ரிமோட்டிடம் இருந்து கற்றுக்கொள்ளக்கூடியவை. ரீவியின் பவரையும் சத்தத்தையும் அவற்றுக்குப் படிப்பித்துவிட்டால் ரீவி ரிமோட்டை அலுமாரிக்குள் வைத்துவிடலாம். கண் வடிவாகத் தெரிகிற, விரல் ஒழுங்காக வேலை செய்கிற ஒருவருக்கு இதற்குமேல் வேறு எதுவும் தேவையில்லை. எங்கள் வீட்டில் இதைத்தான் செய்தேன். பெரியம்மாவுக்குச் சரிவரவில்லை, ஏனென்றால் அந்தப் பட்டன்கள் புளியங்கொட்டையிலும் சின்னன்.

சரி, வாங்குவதென்றே முடிவு செய்தால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது ஒரே கொம்பனிக்கான மாற்று ரிமோட். சாம்சுங் எல்லா மாடலுக்கும், எல்ஜி எல்லா மாடலுக்கும் என்று உறையில் அச்சடித்திருக்கும். ஸ்ரான்லி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் கேட்டால் கிடைக்கும். ஒரு கிலோ நல்ல மீனை விட மலிவு. குறியீடு ஒன்றும் போடவேண்டியதில்லை, பற்றரி போட்டதும் வேலை செய்யும். பழைய ரிமோட் தொலைந்துபோன அல்லது தண்ணீரில் விழுந்த வீட்டுக்கு இது போதும். ஆனால் இது அன்பளிப்பு ஆகாது. மூன்று ரிமோட் இருக்கும் முக்காலியில் நாலாவதைக் கொண்டுபோய் வைப்பதுதான் நடக்கும். ஆனாலும் இந்த மலிவு ரிமோட்டுக்கு வேறொரு பெரிய பயன் இருக்கிறது, கீழே வரும்.

அடுத்தது குறியீட்டு ரிமோட். யூனிவர்சல் ரிமோட் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான ரீவிகளின் கட்டளைகளை முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பார்கள். கூட வரும் தாளில் உங்கள் ரீவியின் பெயருக்கு நேரே உள்ள இலக்கத்தைப் பார்த்து, செற் பட்டனை விளக்கு எரியும்வரை பிடித்து, இலக்கத்தை அடிக்க வேண்டும். இலக்கம் பொருந்தாவிட்டால் தானாகத் தேடும் வசதி இருக்கும்: ரிமோட் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் குறியீட்டையும் அனுப்பும், ரீவி நின்றதும் நாங்கள் நிற்பாட்ட வேண்டும்.

பேர்போன ரீவிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. சறுக்குவது இரண்டு இடத்தில். முதலாவது, பெட்டி. இங்குள்ள டயலொக் பெட்டிக்கும் பியோ ரீவி பெட்டிக்கும் உரிய குறியீடு வெளிநாட்டில் அச்சடித்த பட்டியலில் இருக்கும் என்று நம்பி வாங்க முடியாது. லண்டனில் இருந்தோ சுவிசில் இருந்தோ கொண்டுவரும் நல்ல ரிமோட்டுக்கும் இதே கதிதான். அந்தப் பட்டியல்கள் அந்தந்த நாட்டுப் பெட்டிகளுக்காகத் தயாரிக்கப்பட்டவை. எங்களூரில் தவணைக்கு எடுக்கும் உள்ளூர்ப் பெயர் பொறித்த ரீவிகளும் அதில் இருக்காது. இரண்டாவது, ஞாபகம். மலிவானவை சிலவற்றில் பற்றரியைக் கழற்றினால் போட்ட குறியீடு அழிந்துவிடும். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டது. நகரத்தில் ஒரு கடையில் வாங்கினேன், வீட்டில் எல்லாம் சரியாக வேலை செய்தது, பற்றரி மாற்றினேன், வெறும் பிளாஸ்ரிக் துண்டாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனபோது உறை பிரித்ததை எடுக்கமாட்டோம் என்றார்கள். பெரியம்மா கையில் அது இருந்திருந்தால், ஆறு மாதத்தில் இன்னொரு மூன்று நாள் ரீவி இல்லாமல் போயிருக்கும். ஆகவே எதை வாங்கினாலும் கொடுக்கமுதல் பற்றரியைக் கழற்றி, பத்து நிமிடம் வெளியே வைத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வகை கற்கும் ரிமோட். என் மனம் இதில்தான் நின்றது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ரிமோட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எளிதில் விளங்கும். ரிமோட்டின் நுனியில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. அது விடும் ஒளி அகச்சிவப்பு, பெரும்பாலும் 940 நனோமீற்றர் அலைநீளம். எங்கள் கண்ணுக்குத் தெரியாது. அந்த விளக்கு விநாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை மினுங்கும். சொனி 40,000, பிலிப்ஸின் பழைய முறை 36,000. வெயிலிலும் குமிழ் வெளிச்சத்திலும் அகச்சிவப்பு இருந்தாலும் அவை இந்த வேகத்தில் மினுங்குவதில்லை. அதனால் ரீவி அவற்றைப் பொருட்படுத்தாது. இந்த மினுக்கலைச் சிறிது நேரம் விட்டும் சிறிது நேரம் நிற்பாட்டியும் அனுப்பும் ஒழுங்கில்தான் "சத்தம் கூட்டு", "சனல் மாற்று" என்ற செய்தி இருக்கிறது. கற்கும் ரிமோட்டில் அனுப்பும் விளக்கோடு ஒரு கண்ணும் உண்டு. பழைய ரிமோட் மினுங்கும் ஒழுங்கை அது பார்த்து, அப்படியே ஞாபகத்தில் வைத்து, பிறகு தான் மினுக்கிக் காட்டும். பெட்டி எந்த நாட்டுடையது, எந்தக் கொம்பனியுடையது என்ற கேள்வியே இல்லை. பட்டியல் வேண்டாம், இலக்கம் வேண்டாம். இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல: ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீவ் வொஸ்னியாக், அங்கிருந்து விலகிய பிறகு 1987இல் கோர் என்ற பெயரில் இப்படியொன்றை விற்பனைக்கு விட்டார். அதைப் பாவிப்பது சாதாரண ஆட்களுக்குச் சிக்கலாக இருந்தது. இன்று அதே அடிப்படை, ஆறு ஏழு பெரிய பட்டன்களோடு முதியவர்களுக்கென்றே வருகிறது. சுவீடனின் டோரோ போன்ற, முதியோருக்கான கருவிகள் செய்யும் நிறுவனங்கள் இவ்வகையைச் செய்திருக்கின்றன. சீனத் தயாரிப்புகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. பட்டன் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் குற்றி அளவு. கறுப்பில் வெள்ளை எழுத்து, அல்லது வெள்ளையில் கறுப்பு.

படிப்பிக்கும் முறை இதுதான். இரண்டு ரிமோட்டிலும் புதுப் பற்றரி போடுங்கள். ஒரு மேசையில் இரண்டையும் நுனிக்கு நுனி நேராக, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியில் வையுங்கள். உயரம் வித்தியாசமாக இருந்தால் கீழே ஒரு கொப்பியை வைத்துச் சமப்படுத்துங்கள். கற்கும் நிலைக்குப் போகும் பட்டனை அமத்தி, புதிய ரிமோட்டில் எந்தப் பட்டனோ அதைத் தெரிந்து, பழைய ரிமோட்டில் உரிய பட்டனை ஒருமுறை அமத்துங்கள். விளக்கு மினுங்கி ஏற்றுக்கொள்ளும். இதை மத்தியான வெயில் விழும் விறாந்தையில் செய்யாதீர்கள். நான் அங்கே செய்து ஒரு மணித்தியாலம் வீணாக்கினேன். உள் அறைக்குப் போய் ரியூப் லைற்றையும் அணைத்த பிறகு பத்து நிமிடத்தில் முடிந்தது.

படிப்பித்து முடிந்ததும் ஒரு சோதனை அவசியம். சத்தம் கூட்டும் பட்டனை விட்டு விட்டு ஐந்து தரம் அமத்திப் பாருங்கள். ஐந்து படி கூட வேண்டும். சில பெட்டிகள் பிலிப்ஸ் முறையைப் பின்பற்றுகின்றன. அதில் ஒவ்வொரு முறை அமத்தும்போதும் செய்திக்குள் ஒரு சின்னக் குறி மாறும், "இது புதிதாக அமத்தியது, பிடித்துக்கொண்டு இருப்பது அல்ல" என்று பெட்டிக்குக் காட்டுவதற்காக. கற்றுக்கொண்ட ரிமோட் ஒரே பிரதியையே திருப்பித் திருப்பி அனுப்புவதால் பெட்டி இரண்டாம் தரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். அப்படி ஆனால் வேறு ரிமோட் பார்ப்பதே நல்லது. வயதானவருக்கு "ஒருக்கா அமத்திப்போட்டுக் கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிக் கொடுப்பது நிலைக்காது.

கற்கும் ரிமோட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பழைய ரிமோட் உயிரோடு இருக்க வேண்டும், அதுவும் அகச்சிவப்பில் பேசுவதாக இருக்க வேண்டும். அண்மைக்கால ஸ்மார்ட் ரீவிகளோடு வரும் சின்ன ரிமோட்டுகள் பெரும்பாலும் புளூடூத்தில் பேசுகின்றன. அவற்றிடம் இருந்து கற்க ஒன்றும் இல்லை. சோதிப்பது சுலபம். போனின் முன்பக்கக் கமராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியை அதற்குக் காட்டிப் பட்டனை அமத்துங்கள். திரையில் ஊதா நிறத்தில் வெளிச்சம் மினுங்கினால் அகச்சிவப்பு. பின்பக்கக் கமராவில் இந்த ஒளியை மறிக்கும் வடி பெரும்பாலும் இருக்கும், அதனால்தான் முன்பக்கம். மினுங்காவிட்டால் பற்றரி செத்திருக்கலாம், அல்லது அந்தப் பட்டன் புளூடூத். பவர் பட்டன் மட்டும் அகச்சிவப்பிலும் மற்றவை புளூடூத்திலும் போகும் ரிமோட்டுகளும் உண்டு, ஆகவே தேவையான ஆறையும் சோதியுங்கள்.

மேலே சொன்ன மலிவு மாற்று ரிமோட்டின் பெரிய பயன் இங்கேதான். புளூடூத் ரிமோட்டோடு வந்த ரீவியாக இருந்தாலும் பேர்போன கொம்பனிகளின் ரீவியில் அகச்சிவப்புக் கண் பெரும்பாலும் இன்னும் இருக்கிறது. ஆகவே அந்தக் கொம்பனிக்கான மலிவு ரிமோட் ஒன்றை வாங்கி, அது ரீவியை இயக்குகிறதா என்று பார்த்து, அதையே ஆசிரியராக வைத்துப் புதிய ரிமோட்டுக்குப் படிப்பிக்கலாம். பழைய ரிமோட் தொலைந்த வீட்டுக்கும் இதே வழி. நான் பெரியம்மாவின் ரீவிக்கு இப்படித்தான் செய்தேன். அவருடைய ரிமோட்டில் சத்தம் குறைக்கும் பட்டனின் அடிக்கரி தேய்ந்து போயிருந்தது, எவ்வளவு அமத்தினாலும் கமராவில் ஒன்றும் மினுங்கவில்லை.

ரீவியில் செருகும் சின்னக் குச்சிகள், அமேசனின் பயர் ரீவி ஸ்ரிக் போன்றவை, வேறு விதம். அவற்றில் அகச்சிவப்புக் கண்ணே இல்லை. எந்தக் கற்கும் ரிமோட்டாலும் அவற்றை நேரே தொட முடியாது. அப்படியொன்றை மட்டுமே பாவிக்கும் வீட்டுக்கு இந்த அன்பளிப்பைக் கொண்டுபோக வேண்டாம்.

ஏசியும் இந்தக் கணக்கில் வராது, இதில் பலர் ஏமாறுகிறார்கள். ரீவி ரிமோட்டில் ஒரு பட்டனுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டால், ஏசி ரிமோட்டில் ஒவ்வொரு அமத்தலும் ஒரு முழுக் கடிதம். வெப்பநிலை 24, குளிர் நிலை, விசிறி நடுத்தரம், தகடு ஆட்டம் என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு தரமும் சேர்த்தே அனுப்பும். அதனால்தான் ஏசி ரிமோட்டில் திரை இருக்கிறது. என்ன அனுப்பினோம் என்ற ஞாபகம் ரிமோட்டிலேயே இருக்கிறது. அதன் கூட்டும் பட்டனைக் கற்கும் ரிமோட்டுக்குப் படிப்பித்தால், அது கூட்டாது. படிப்பித்த நேரம் இருந்த வெப்பநிலையையே ஒவ்வொரு தரமும் சொல்லும். கடிதம் நீளம் என்பதால் மலிவான ரிமோட்டின் ஞாபகத்தில் அடங்காமலும் போகும். ஏசி ரிமோட் பழுதென்றால் "ஆயிரம் ரகத்துக்கு ஒன்று" என்று பெட்டியில் எழுதிய, திரையுள்ள தனி ஏசி ரிமோட் வாங்குங்கள். அது இங்கேயே கிடைக்கிறது. பெரியம்மாவின் ஏசி ரிமோட்டை நான் தொடவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாங்கி அடித்து அதில் நிரந்தரமாக வைத்துவிட்டேன். ரீவி முக்காலியில் இருந்து அது போனதே பாதிக் குழப்பத்தைத் தீர்த்தது.

"போனிலேயே செய்யலாமே" என்று என் தம்பி சொன்னான். ஷவோமியின் ரெட்மி போன்கள் பலவற்றின் உச்சியில் அகச்சிவப்பு விளக்கு இருக்கிறது. செயலியில் ரீவியின் பெயரைத் தெரிந்தால் ரிமோட் ஆகிவிடும். வைபையில் இணைந்த ரீவி என்றால் விளக்கு இல்லாத போனாலும் இயக்கலாம். இளம் ஆட்களுக்கு நல்ல வழி. பெரியம்மாவுக்கு அல்ல. போனைத் தேட வேண்டும், கண்ணாடி போட வேண்டும், திறக்க வேண்டும், செயலியைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குள் அக்காவின் அழைப்பு வந்துவிடும். தொட்டுணரப் பட்டன் இல்லாத கண்ணாடித் திரையில் வாதம் பிடித்த விரல் நிற்காது. இருட்டிலும் தடவிப் பிடிக்கக்கூடிய ஒரு சாமான் அவர் கைக்கு வேண்டும்.

அக்காவுக்குப் பிடித்தது வேறொன்று. வைபையில் இணைந்து, ஒரு மூலையில் இருந்தபடியே அறை முழுக்க அகச்சிவப்பு அனுப்பும் சின்ன உருண்டை. புரோட்லிங், சுவிச்பொட் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. ரொறன்ரோவில் இருந்தே போனில் தட்டி, கொக்குவில் ரீவியின் சோர்ஸை மாற்றலாம். கோடை நேரத்தில் இங்கே இரவு ஏழு மணி என்றால் அங்கே காலை ஒன்பதரை, அக்கா விழித்திருக்கும் நேரந்தான். யோசனை எனக்கும் பிடித்திருந்தது, உண்மையிலேயே சோர்ஸ் பிரச்சினைக்கு இது மருந்து. ஆனால் தனியே இதை மட்டும் நம்பக் கூடாது. கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் எழும்பினால்தான் இது எழும்பும். டேற்றா முடிந்தால் இதுவும் முடிந்தது. இது அனுப்பும், ஆனால் ரீவி எந்த நிலையில் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அக்கா அங்கிருந்து போடுவதாக நினைத்து அணைத்துவிடலாம். தவிர, பின்னேரம் ரீவி தானாக மாறினால் பெரியம்மா பயப்படுவார். கையில் ஒரு ரிமோட் இருந்து, அதற்கு மேலதிகமாக இது இருந்தால் நல்லது. அடுத்த வருடம் பார்ப்போம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் தாங்கள் பாவித்து விட்ட லொஜிரெக் ஹார்மனி ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுப்பதும் நடக்கிறது. ஒரு காலத்தில் அருமையான சாமான். ஆனால் அந்த நிறுவனம் 2021இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதை ஒழுங்குபடுத்தக் கணக்குத் திறந்து இணையத்தில் ஏற வேண்டும். இனி ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க ஏற்றது அல்ல.

வெளிநாட்டில் இருந்துதான் அனுப்ப விருப்பம் என்றால், வன் போர் ஓல் என்ற பெயரில் ஐரோப்பாவில் பரவலாக விற்கும் ரிமோட்டுகளில் கற்கும் வசதி உள்ள மாடலைப் பார்த்து எடுக்கலாம். ரீவிக்குக் குறியீடு, பெட்டிக்குக் கற்றல் என்று இரண்டும் ஒன்றில் கிடைக்கும். உறையில் கற்கும் என்ற வார்த்தை இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். பட்டன் அதிகம், ஆனால் 55 வயது மாமா, ஒரு ஒலிப்பெட்டியும் சேர்த்துப் பாவிக்கிறவர், கிரிக்கெற் பார்க்கும்போது இலக்கம் அடித்துச் சனல் மாற்றுகிறவர் என்றால் இதுவே அவருக்குப் பொருத்தம், ஆறு பட்டன் ரிமோட்டை அவருக்குக் கொடுத்தால் மனம் நோவார். குடிபூரலுக்குப் போகும் இளம் தம்பதி வீட்டுக்கும் இதுதான். அவர்களுக்கு உறையோடு, மினுங்கும் தாளில் சுற்றிக் கொடுக்கலாம்.

வயதானவருக்கு அப்படிக் கொடுக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உறை பிரித்து, பற்றரி போட்டு, படிப்பித்து, சோதித்து, அவர் வீட்டு ரீவிக்கு முன்னால் வேலை செய்கிற நிலையில் கையில் கொடுக்க வேண்டும். அக்கா சுவிசில் உள்ள சிநேகிதி ஒருவர் மூலம் அனுப்பலாமா என்று கேட்டபோது, காசை மட்டும் அனுப்புங்கள், வேலையை நான் செய்கிறேன் என்று சொன்னதும் இதனால்தான். அனுப்பிய பெட்டி பிரிக்காமலே அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

கடைசியில் எடுத்தது ஏழு பட்டன் கற்கும் ரிமோட். பவர், சத்தம் இரண்டு, சனல் இரண்டு, சத்தமறுப்பு, ஏழாவதாகத் தெரிவு பட்டன். ரீவியின் பவரையும் சத்தத்தையும் மலிவு ரிமோட்டில் இருந்து படிப்பித்தேன். சனலைப் பெட்டி ரிமோட்டில் இருந்து. பெட்டியின் பவரையும் ரீவியின் பவரையும் ஒரே பட்டனில் சேர்க்கும் வசதி சில ரிமோட்டுகளில் உண்டு. நான் அதை வேண்டாம் என்று விட்டேன். போடவும் அணைக்கவும் ஒரே கட்டளைதான் போகிறது. கரண்ட் வெட்டுக்குப் பிறகு ஒன்று எழும்பி மற்றது படுத்திருந்தால், அமத்த அமத்த ஒன்று எரிய மற்றது அணையும். அதற்குப் பதிலாகச் சத்தமறுப்புப் பட்டனுக்குப் பெட்டியின் பவரைப் படிப்பித்து, அதன்மேல் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டினேன். சிவப்பு ரீவி, பச்சை பெட்டி. பெட்டியில் அவர் பார்க்கும் எட்டுச் சனலையும் பிடித்தவை பட்டியலில் போட்டு, அந்தப் பட்டியலிலேயே நிற்க விட்டேன். இப்போது சனல் பட்டன் அந்த எட்டுக்குள் மட்டுமே சுற்றும். தெரிவு பட்டனுக்கு ஒன்றும் படிப்பிக்கவில்லை. அதை அமத்தினால் ஒன்றும் நடக்காது. சோர்ஸ் என்ற ஒன்றே அதில் இல்லை.

பிறந்தநாளன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கி, நிறையைப் பார்த்து, "என்ரை ஆறுக்குமே இவ்வளவு பெரிய பட்டன்" என்றார். 1982இல் ரூபவாகினி தொடங்கிய பிறகு எங்கள் ஒழுங்கையில் முதல் ரீவி வந்த வீடும் இதுதான். பெரியப்பா வெளியே நின்று அன்ரெனாக் குழாயைத் திருப்ப, பெரியம்மா யன்னலில் நின்று "வருகுது, வருகுது, விடுங்கோ" என்று கத்திய நாட்களை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிடம் எடுத்தது. பிறகு அவர் எனக்கு ஒருமுறை செய்து காட்டினார்.

புதிய ரிமோட்டுக்குப் பொலித்தீன் சுற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், பட்டன் வழுக்கும் என்பதால். ஒரு சின்னத் துணி உறை தைத்துப் போட்டிருக்கிறார். பழைய ரிமோட்டுகளை எறியவில்லை. பற்றரியைக் கழற்றி, எங்கள் கடற்காத்துக்கு உள்ளே கறள் பிடிக்காமல் ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு, மேலே "திரும்பப் படிப்பிக்க" என்று எழுதி, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எந்தப் பட்டனுக்கு எதைப் படிப்பித்தேன் என்ற படத்தை அக்காவுக்கும் பக்கத்து வீட்டுப் பொடியனுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று.